நால்வருக்கு ஒரு சி.ஆர்.ஓ.

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

செய்முறை வகுப்பில் ஒரு சி.ஆர்.ஓ.வைச் சுற்றி நால்வர் நிற்கிறோம். ஒருவர் குமிழைத் திருப்புவார், ஒருவர் அளவைச் சொல்வார், ஒருவர் எழுதுவார், நான்காமவர் எட்டிப் பார்ப்பார். முதலாம் ஆண்டு முழுவதும் அந்த நான்காமவன் நான்தான். கருவி கெட்டுவிட்டால் யார் பணம் கட்டுவது என்ற அச்சம் எனக்கு. தேர்வில் தனியே நின்றபோது அலை திரையில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும் டிரிகர் குமிழ் எது என்றே தெரியவில்லை.

ஆகவே, குறைந்த விலையில் நல்ல அலைகாட்டி எது என்று நண்பர்கள் விவாதிக்கும்போது, அந்த நான்காமவனை நினைத்துக்கொண்டுதான் நான் பேசுகிறேன்.

1897-இல் பிரவுன் அமைத்த கதிர்க் குழாயின் வழிவந்தது நம் பழைய சி.ஆர்.ஓ. இன்றைய டிஜிட்டல் அலைகாட்டியோ மின்னழுத்தத்தைப் படிகளாக வெட்டி எண்ணாக்குகிறது. 8 பிட் என்றால் 256 படிகள். 12 பிட் என்றால் 4096. திரையின் முழு உயரம் 8 வோல்ட் என்று கொள்வோம். முன்னதில் ஒரு படி சுமார் 31 மில்லிவோல்ட்; பின்னதில் சுமார் 2 மில்லிவோல்ட். 8 வோல்ட்டுக்கு ஏற்றிய மின்தேக்கியை மின்தடை வழியே இறக்கினால், ஐந்து கால மாறிலிகளுக்குப் பின் எஞ்சுவது 54 மில்லிவோல்ட். 8 பிட் கருவிக்கு அது இரண்டு படி கூட இல்லை. வளைவின் வால் பகுதி வெறும் படிக்கட்டாகத் தெரியும். 12 பிட்டில் அதற்கு 27 படிகள் உண்டு. கருவியின் உள்ளிரைச்சல் இதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2014-இல் வந்த ரைகால் டிஎஸ்1054இசட் நான்கு உள்ளீடுகளும் 50 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமும் உடைய 8 பிட் கருவி. பொழுதுபோக்காளர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2023-இல் அதே நிறுவனத்தின் டிஎச்ஓ800 வரிசையும், 2024-இல் சிக்லென்ட் நிறுவனத்தின் எஸ்டிஎஸ்800எக்ஸ் எச்டி வரிசையும் 12 பிட்டைச் சாமானியர் பக்கம் கொண்டுவந்தன. சாமானியர் என்றால் அமெரிக்கச் சாமானியர். நமக்கு அது இன்னும் துறைச் செலவுதான்.

பிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. டிஎஸ்ஓ138 என்னும் சிறு கருவி, உதிரிகளாக வாங்கி நாமே பற்றவைப்பது. அதன் அட்டையிலும் 12 பிட் என்றுதான் இருக்கும். ஆனால் பட்டை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள். 400 கிலோஹெர்ட்ஸ் ஹார்ட்லி அலையியற்றியை அதில் காட்டினால் ஓர் அலைக்கு இரண்டரைப் புள்ளிதான் கிடைக்கும். அதை வைத்து என்ன வரைவது?

நான் பரிந்துரைப்பது வேறொன்றை. புதுதில்லி இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில், கல்லூரி மாணவர்களுக்கென்றே உருவான எக்ஸ்பைஸ்-17. இதன் வேகமும் நொடிக்குச் சுமார் 10 லட்சம் மாதிரிகள்தான். ஆனால் அலை உருவாக்கியும் அதிலேயே உண்டு. கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும். வரைபடமும் மென்பொருளும் எவருக்கும் திறந்தவை. அலைதிருத்தி, மின்தேக்கி இறக்கம், 555 சுற்று போன்ற நம் சோதனைகளுக்கு இதுவே போதும். ஒரு 12 பிட் அலைகாட்டியின் விலையில் பல பெட்டிகள் வாங்கி, மாணவர் பெயரில் இரவல் தரலாம். ஆலங்குடியிலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் பேருந்தில் வருகிற நாம் மாலையில் ஆய்வகத்தில் தங்க இயலாது. பெட்டி நம்மோடு வீட்டுக்கு வரட்டுமே!

வீட்டுக்குக் கொண்டுபோவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அதன் உள்ளீடு 16 வோல்ட் வரைதான். மின்மாற்றி வழியே 6 வோல்ட்டாக இறக்காமல் வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது.

கணினித் திரையில் பழகியவனுக்குக் குமிழ் திருப்பத் தெரியாது என்று ஆசிரியப் பெருமக்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஹார்ட்லிக்கும் கோல்பிட்ஸுக்கும் அந்தப் பழைய சி.ஆர்.ஓ.தான் வேண்டும், அதை ஏலத்தில் தள்ளிவிட வேண்டாம். கோடை விடுமுறைக்குப் பின் ஒரு வாரம் அதன் முன்னால் தனியே உட்கார அனுமதி வாங்கினேன். டிரிகர் குமிழ் வலப்புறம் மேலே இருக்கிறது.