நோன்பைப் பட்டினியாக்காதீர்கள்

 

ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பு முடிந்த பின்னும் நோன்பை விடாத மாணவி ஒருத்தி நம்மிடம் ஓதினாள். வாரத்தில் ஐந்து நாள் நோன்பிருந்தாள். அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, மற்றப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டினோம். சில மாதங்கள் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பேருந்தில் அவள் மயங்கி விழுந்த பிறகே உண்மை தெரிந்தது. ஸஹர் உணவு கிடையாது. இஃப்தாருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டுமே. பசி தாங்காத இரவுகளில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் உண்டுவிட்டு, பின்னர் வாந்தியெடுத்திருக்கிறாள். இத்தனைக்கும் தொடக்கம், ஒரு நிக்காஹ் வீட்டில் உறவுக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்ன சொல்: "இந்த உடம்போடு இவளை எவன் கட்டுவான்?"

நாம் மெச்சியது இபாதத்தை அல்ல, ஒரு நோயை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

இன்று அவள் சிகிச்சை பெற்றுத் தேறி வருகிறாள். உடல் சற்றுப் பருத்திருக்கிறது. உறவினர்களின் நாவும் மீண்டும் நீள்கிறது. அண்மையில் அவள் நம்மிடம் கேட்டாள்: "எடை குறைய வேண்டும் என்று நான் ஆசைப்படுவது பாவமா?"

பாவமில்லை மகளே! ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் நோய் ஆற வேண்டும். எடை அதற்குப் பின்னர்தான். இதை அவளுக்குச் சொல்வதைவிட, அவளைச் சூழ்ந்திருக்கும் நமக்குச் சொல்வதே அவசியம் எனக் கருதுகிறோம்.

பட்டினி உள்ளத்தை என்ன செய்யும் என்பது அறியப்படாத செய்தியல்ல. 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், உடல்நலமுள்ள 36 ஆடவர்களுக்கு 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே கொடுத்து ஆராய்ந்தனர். அவர்கள் சோர்ந்தனர், எரிந்து விழுந்தனர், எந்நேரமும் உணவையே நினைத்தனர். உணவு திரும்பக் கிடைத்ததும் பலர் அளவின்றி உண்டனர். திடமான ஆண்களுக்கே இக்கதியென்றால், நம் பிள்ளை இரவில் அள்ளி உண்பதை "நஃப்ஸை அடக்கத் தெரியாதவள்" என்று பழிப்பது அறியாமையன்றோ? பட்டினியே அந்த வெறியைப் பிறப்பிக்கிறது. அடிக்கடி வாந்தியெடுத்தால் உடலின் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருத்தி, இணையத்தில் கண்ட உணவுமுறையை நம்பி உணவை ஒதுக்கி, தலசேரி மருத்துவமனையில் உயிரிழந்த செய்தியை நாமெல்லாம் படித்தோமே!

"வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதானே உணவுக்கு?" என்று சிலர் ஹதீஸைக் காட்டுவர். அது வயிறு முட்ட உண்பவனுக்குக் கடிவாளம். உண்ணாதவளின் கழுத்துக்குக் கயிறு அன்று. இடைவிடாமல் நோன்பைத் தொடரும் விஸாலைத் தடுத்தவர்களும், ஸஹர் உணவில் பரக்கத் உண்டென்றவர்களும், இஃப்தாரைத் தாமதப்படுத்தாதீர்கள் என்றவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். உன் உடலுக்கும் உன்மீது உரிமையுண்டு என்பதும் அவர்களின் போதனையே. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகையை அல்லாஹ்வே அல்பகரா அத்தியாயத்தில் அளித்திருக்க, மருத்துவர் தடுத்த பிள்ளையை "ரமளானில் சாப்பிடுகிறாளே" என்று ஏசுவதற்கு நாம் யார்? "நோன்பு வைத்தால் எடை குறையும்" என்று மேடைதோறும் விளம்பரம் செய்வோரே! நிய்யத்தைக் கெடுப்பவர் யார் என்று சிந்தியுங்கள்.

அப்படியானால் வழி என்ன? தேறிவரும் பிள்ளைக்கு மூன்று வேளை உணவும் இடையிடையே சிற்றுணவும் குறித்த நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒரு வேளையும் தவறக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக மிகுதியாக ஊட்டுவதும் ஆபத்தாகலாம். எனவே உணவின் அளவை மருத்துவரே வகுக்கட்டும். எடை பார்க்கும் கருவியை வீட்டிலிருந்து அகற்றுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஹராமைப் போல ஒளித்து வைக்காதீர்கள். விலக்கப்பட்ட பண்டமே இரவில் ஆளை அழைக்கும். குடும்பத்தோடு அமர்ந்து ஒரு துண்டு உண்டு எழுந்தால், அது வெறும் இனிப்புத்தான். எடை குறைவது உண்மையிலேயே தேவையா என்பதை உளநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் முடிவு செய்யட்டும். தேவையென்றால், நோய் ஆறிய பின், பட்டினியின்றி, நடைப்பயிற்சியோடும் நல்ல உறக்கத்தோடும் மெல்ல மெல்லக் குறையட்டும். நிக்காஹ் தேதியை வைத்துக் கெடு விதிக்காதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், அரசின் இலவச உளநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவம் தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று.

இறுதியாக, நிக்காஹ் வீடுகளில் பிள்ளைகளின் உடலை எடைபோடும் பெரியவர்களே! ஒருவரையொருவர் பரிகசிக்காதீர்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை, பெண்களைத் தனியே குறிப்பிட்டும் எச்சரிக்கிறது. நீங்கள் மறந்துவிட்ட ஒரு சொல், ஒரு பிள்ளையின் தட்டில் இன்னும் கிடக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். நாம் கேட்டுவிட்டோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், எங்கள் நாவுகளுக்குக் கட்டுப்பாட்டையும் தந்தருள்வாயாக. ஆமீன்.