நடுங்கும் ஸ்டீயரிங்

பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் ஒரு பள்ளத்தைக் கடந்தபோது, உயரம் கூட்டிய எங்கள் பழைய ஜிப்ஸியின் ஸ்டீயரிங் கைகளை உதறியது. வேகம் குறைந்த பின்னரே அடங்கியது. பார்த்தவர்கள் 'டேம்பரை மாற்றுங்கள்' என்றனர். மாற்றினோம். ஒரு மாதம் அமைதி. பிறகு அதே நடுக்கம்.

டேம்பர் நடுக்கத்தை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது என்பதே எங்கள் கருத்து. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் கிங்பின்னோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் முனைகளைச் சந்தேகிக்கலாம். பட்டைகளின் புஷ்களையும் விடலாகாது.

தேய்மானம் பாதிக் கதைதான். மீதி எங்கள் ஆசை. நீண்ட ஷாக்கிள் மாட்டி முன்புறத்தை உயர்த்தியதால் காஸ்டர் கோணம் குறைந்தது. சக்கரம் தானாக நேர்ப்படும் இயல்பை இழந்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. முன்பு அதைக் கெடுபிடி என்றே எண்ணியிருந்தோம். அன்று எங்கள் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது; அதில் பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை. டை ராட் முனைகளை மாற்றி, பழைய ஷாக்கிளையே மீண்டும் மாட்டிவிட்டோம்.