வளர்த்த மீனா, பிடித்த மீனா?

பல்லேபொலயிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண இரண்டு மூன்று மணி நேரமாவது பயணம் செய்ய வேண்டும். அது இருக்கும் மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளைகிற மண் அது. அங்கே ஒருவர் தன் வீட்டு மண்டபத்தில் ஆயிரம் லீற்றர் உப்புநீர்த் தொட்டி கட்டி, அதற்குள் முருகைக்கற்பாறையும் அதன் மீன்களும் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஊர் முதலில் சிரிக்கும். சிரிக்க வேண்டியதில்லை, நல்ல ஆசைதான் அது. கடலையே பார்த்திராத ஒரு பிள்ளை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றால், பாடப்புத்தகம் ஒரு தவணை முழுவதும் சொல்லித் தராத பலவற்றைக் கண்ணாலேயே கற்றுக்கொள்ளும்.

ஆனால் தொட்டிக்குள் போகிற உயிர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும்.

முதலில் தொட்டியைப் பார்ப்போம். 2 மீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் அகலம், 65 சென்ரிமீற்றர் உயரம் என்று கட்டினால் ஆயிரம் லீற்றருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிடக் கனம் கூடியது; லீற்றருக்கு 1.025 கிலோ. நீர் மட்டுமே ஒரு தொன்னைத் தாண்டிவிடும். கண்ணாடியும் கல்லும் இரும்புத் தாங்கியும் சேர்ந்தால் ஒன்றரைத் தொன்னை நெருங்கும். மேல்மாடியில் வைக்க நினைக்கிறவர் கட்டடப் பொறியியலாளர் ஒருவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இந்த உயரத்துக்கு 15 மில்லிமீற்றர் கண்ணாடி வேண்டும். ஒட்டுவதற்குப் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கன் பசைதான் வேண்டும். குளியலறைக்கு விற்கிற பசையில் இருக்கும் மருந்து மீனைக் கொன்றுவிடும். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, முற்றத்தில் சமதரையில் வைத்து நீர் நிரப்பி, இரண்டு நாள் கசிவு பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி வெட்டத் தெரிந்த ஒருவரும் இரும்பு ஒட்டத் தெரிந்த ஒருவரும் இருந்தால் இந்த வேலை கைக்கு எட்டாததல்ல.

பெரிய தொட்டிக்குக் கீழே சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். மேலே வழிகிற நீர் குழாய் வழியாக அங்கே இறங்கும். அங்கேதான் நுரை பிரிக்கும் கருவி வேலை செய்கிறது. பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை நீருக்குள் அடித்து, மீன்களின் கழிவையும் மீந்துபோன தீனியின் கொழுப்பையும் அந்தக் குமிழிகளில் ஒட்டவைத்து, நுரையாக மேலேற்றி ஒரு கிண்ணத்தில் சேர்க்கும். கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்குகிற மஞ்சள் நுரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு நாளில் அந்தக் கிண்ணத்தில் கடுஞ்சாயத் தேநீர் நிறத்தில் ஒரு கசடு நிற்கும். மூடியைத் திறந்தால் மீன் சந்தையின் பின்பக்க வாடை மூக்கில் அடிக்கும். அந்தக் கசடு தொட்டியிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உப்பு, ஆயிரம் லீற்றருக்கு 35 கிலோவுக்கு மேல் போகும். கல்சியமும் மக்னீசியமும் அளவோடு கலந்த கடலுப்புக் கலவைதான் வேண்டும். சமையலறை உப்பு உதவாது. கிணற்று நீரையும் அப்படியே ஊற்ற முடியாது. சிறுநீரக நோய்க்குப் பயந்து உலர்வலய ஊர்களில் குடிநீருக்காக வைத்திருக்கிறார்களே ஆர்.ஓ. இயந்திரம், அதே முறையில் வடித்த நீர்தான் பாதுகாப்பானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இன்னொரு இடத்தில். வெயில் காலத்தில் தொட்டியில் நீர் குறையும். உடனே உப்புநீர் கரைத்து ஊற்றிவிடுவார்கள். ஆவியாகப் போனது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. புத்தளத்திலோ ஆனையிறவிலோ உப்பளத்தில் ஒரு நாள் நின்றவருக்கு இது தெரியும். குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும்.

அதன் பிறகு காத்திருப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும், பிறகு கேடு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்ரீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டி வெறும் நீரும் கல்லுமாகத்தான் இருக்க வேண்டும். விருந்தாளிக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டாம் நாளே மீன் வாங்கி விட்டு, ஒரு வாரத்துக்குள் அள்ளிக் கொட்டிய தொட்டிகளுக்குக் கணக்கில்லை.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த கோளாறில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. நீரோட்டம் நின்ற உப்புநீர்த் தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஒட்சிசன் குறையத் தொடங்கும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றுகூட இல்லாதவர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே மீன்களுக்குச் செய்யும் தருமம்.

இதெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீர்கிற சிக்கல்கள். பணத்தால் தீராத சிக்கல் கல்லில் தொடங்குகிறது.

இன்றைக்கு உலகெங்கும் வீடுகளில் இருக்கிற இவ்வகைத் தொட்டிகளுக்கு முன்னோடி ஐரோப்பியர் அல்லர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய கல்லை எடுத்துவந்து போட்டு, காற்றுக் குமிழியும் வெயிலும் மட்டும் கொடுத்து முருகைகளை வாழவைத்த முறையை அவர் 1961இல் எழுதி வெளியிட்டார். கல்லே நீரைச் சுத்தம் செய்யும் என்பது அவர் காட்டிய உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் கடல் எடுக்க எடுக்கக் குறையாதது என்று உலகம் நினைத்திருந்தது. இலங்கைக்காரருக்கு அப்படி நினைக்க இன்று உரிமையில்லை. அக்குரல போன்ற கரைகளில் சுண்ணாம்புக்காகத் தலைமுறை தலைமுறையாக முருகைக்கல் தோண்டினோம். 2004 டிசம்பர் 26 அன்று, முருகைக்கல் அதிகம் தோண்டப்பட்டிருந்த பெரலியவில் சுனாமி ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்து, நின்றிருந்த புகைவண்டியையே புரட்டிப்போட்டது. மூன்று கிலோமீற்றர் தள்ளி, பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் சுமார் 50 மீற்றரோடு நின்றது. ஹரிந்திர பெர்னாண்டோவும் அவருடைய சகாக்களும் அடுத்த ஆண்டே இதை அளந்து எழுதினார்கள்.

அதற்கு முன்பே, 1998இல் கடல் சூடேறி, ஹிக்கடுவையிலிருந்து கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பாறை வரை முருகைகள் வெளிறிச் செத்தன. திருகோணமலைப் பக்கம் அந்த முறை தப்பியது. எஞ்சியிருப்பது கொஞ்சம். கரையோர வலயத்தில் முருகைக்கல் தோண்டுவது 1988இலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் முருகைகளைக் காக்கிறது. ஆகவே பல்லேபொலத் தொட்டிக்குக் கடலிலிருந்து ஒரு துண்டு முருகைக்கல்லும் வரக் கூடாது. உயிருள்ளதும் கூடாது, கரையில் ஒதுங்கிச் செத்ததும் கூடாது.

கல்லை வீட்டிலேயே செய்யலாம். வெள்ளைச் சீமெந்து, நொறுக்கிய சிப்பி ஓடு, கல்லுப்பு மூன்றையும் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து அதற்குள் வார்க்க வேண்டும். இறுகிய பிறகு நீரில் ஊறவைத்தால் உப்பு கரைந்துபோய், கல் முழுவதும் தேனடை போலத் துளைகள் விழும். பக்ரீரியாக்களுக்கு அந்தத் துளைகளே வீடு. சீமெந்தின் காரம் இறங்கும்வரை பல வாரங்கள் நீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். ஓராண்டு போனால் அதன்மேல் ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து, கடற்கல்லுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.

இந்த இடத்தில் மாத்தளைக்காரர் பெருமைப்பட ஒன்று உண்டு. முருகைச் சுண்ணாம்புக்கு மாற்றாக நாடு நம்பியிருப்பது உள்நாட்டுச் சுண்ணாம்பை. மாத்தளைப் பக்கத்து டொலமைற் பாறை அதில் முக்கியமானது. அந்தப் பாறையும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பூமியின் வெப்பத்தில் வெந்து பளிங்கானதுதான். பல்லேபொலக்காரர் வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பிலும் ஒரு பழைய கடல் இருக்கலாம்.

இனி மீன். இலங்கையிலிருந்து அலங்கார மீன் ஏற்றுமதி தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர் ரொட்னி ஜொங்க்லாஸ். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றியவர், ஆர்தர் சி. கிளார்க்கின் சுழியோடித் தோழர். அவர் காலத்தில் ஒரு சிலர் கைவலையோடு செய்த தொழில் பின்னாளில் பெருகியது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாகக் கணக்கிட்டது. நன்னீர் அலங்கார மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பண்ணையில் வளர்ந்தவை. கடல் மீன்களிலோ வளர்த்தவை நூற்றுக்குப் பத்தைத் தாண்டவில்லை. மீதி அத்தனையும் பாறையிலிருந்து பிடித்தவை.

பிடிக்கிற விதம் செய்யும் கேடும் சிறிதல்ல. இங்கே ‘மொக்சி வலை’ என்று ஒன்று இருந்தது. ஓரத்தில் கனம் கட்டிய வலையை ஒரு முருகைக் கூட்டத்தின் மேல் போர்த்தி, உள்ளே ஒளிந்த மீனை வெளியே வரவைக்கக் கிளைகளைத் தட்டி உடைப்பார்கள். பத்து மீனுக்காக, பத்தாண்டு வளர்ந்த முருகை நொறுங்கும். அது தடைசெய்யப்பட்டது சரியான முடிவு. பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்தே சயனைட்டைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள்.

பிடித்த மீன் உயிரோடு வந்துவிட்டால் போதுமா? முருகையின் சதையை மட்டுமே கொத்தித் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் இனங்கள் சில உண்டு. அவற்றுக்கு எந்தக் கடையிலும் தீனி இல்லை. மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்கிற நீலக்கோட்டுச் சிறுமீனும் அப்படித்தான். அழகாக நீந்திக்கொண்டே நாளுக்கு நாள் மெலியும், வயிறு ஒட்டும், ஒரு காலையில் மணலில் கிடக்கும். இவற்றை வீட்டுத் தொட்டிக்கு விற்பது தவறு. தெரிந்தே விற்பது கொடுமை.

இப்படியெல்லாம் இருக்க, தொட்டியையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? அது தேவையில்லை, ஏனென்றால் வளர்க்க முடியும். கோமாளி மீனை எடுத்துக்கொள்வோம். ‘நீமோ’ படம் 2003இல் வந்த பிறகு உலகமே அறிந்த மீன். அந்தக் குடும்பத்தில் வேறொரு ‘கிளார்க்’கின் பெயர் தாங்கிய இனத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் இலங்கை மீன்களைப் படம் வரைந்து நூலாக்கிய பென்னெற், ஆண்டு 1830. நம் கடலில் பெயர் பெற்ற மீன் அது. 1970களின் தொடக்கத்திலேயே புளோரிடாவில் மார்ட்டின் மோ கோமாளி மீனை விற்பனைக்கு வளர்த்துக் காட்டினார். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைச் செய்துவிட்டன. இலட்சத்தீவின் அகத்தியில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அலங்கார இறால் வளர்க்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றுத் தந்தது இந்திய மீன் மரபுவளப் பணியகம்.

செய்முறை மாயமல்ல. ஜோடி சேர்ந்த மீன்களுக்கு ஓர் ஓட்டுத்துண்டு வைத்தால் போதும்; அதைச் சுத்தம் செய்து செம்மஞ்சள் முட்டைகளை வரிசையாக ஒட்டும். ஆண் மீன் செட்டையால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். ஐந்தாறு நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப்புள்ளி போல இரண்டு கண்கள் தெரியும். ஏழெட்டாம் நாள் இரவு, விளக்கணைந்த பிறகு பொரிக்கும். குஞ்சுக்கு முதல் உணவு, கண்ணுக்கு எளிதில் தெரியாத ரொற்றிஃபர் என்ற நுண்ணுயிர். அதற்கு உணவு பச்சைப்பாசி நீர். இரண்டு வாரத்தில் குஞ்சின் உடலில் வெள்ளைப் பட்டை விழும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது தொட்டியில் இருபது ஆண்டுகூட வாழும்.

நக்டா என்று மக்கள் அழைக்கிற தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகார சபை, குருநாகல் மாவட்டத்தின் ரம்படகல்லவில் நன்னீர் அலங்கார மீனுக்கு இனப்பெருக்க நிலையமும் பயிற்சியும் வைத்திருக்கிறது. வீட்டுக் கொல்லையில் மீன் வளர்த்து விற்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட பயிற்சி எவ்வளவு பெரிய துணை! அதே அக்கறை கடல் மீனுக்கும் வர வேண்டும். கற்பிட்டி, மன்னார், மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரைகளில் கணவனை இழந்து குடும்பம் சுமக்கும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு தொட்டி, ஒரு ஜோடி மீன், கொஞ்சம் பயிற்சி அவர்களுக்கு மாதவருமானமாகும். சுழியோடிகளின் பிழைப்பு என்னாகும் என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆழத்தில் நெடுநேரம் நின்று மேலேறி, கைகால் முடங்கியவர்கள் அந்தத் தொழிலில் உண்டு. தாய்மீனைக் காயமில்லாமல் பிடிக்கத் தெரிந்தவர்களும் அவர்களே. வளர்ப்பு நிலையங்களில் முதல் வேலை அவர்களுக்குத் தரப்பட வேண்டும்.

சட்டம் ஒன்றும் தேவை. உப்புநீர் மீன் விற்கிற ஒவ்வொரு கடையிலும், தொட்டியின் மேல் ‘வளர்த்தது’ அல்லது ‘பிடித்தது’ என்று எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அந்தச் சட்டம் வரும்வரை கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. மாத்தளையிலோ கண்டியிலோ கொழும்பிலோ மீன் கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: இது வளர்த்த மீனா, பிடித்த மீனா? கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.