கைமுதல் இழந்தோரைக் கைதூக்கி விடுவோம்



வறட்சியும் வெளியூர்ப் பிழைப்பும் கரிசல் நிலத்து மக்களுக்குப் புதியன அல்ல. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, திருநெல்வேலிச் சீமையினின்று பலர் இலங்கைத் தோட்டங்களை நாடிச் சென்றனர். பின்னாளில் மும்பையும் சென்னையும் திருப்பூரும் நம்மவர்க்குப் பிழைப்பளித்தன. மழை பொய்த்தால் மகன் ஊரைவிட்டுச் செல்வான். அவன் அனுப்பும் பணத்தில் வீட்டில் அடுப்பெரியும். இதுவே பல தலைமுறைகளாக நாம் கண்ட வழக்கம்.

2020-ஆம் ஆண்டில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது. மார்ச் 24 இரவில் அறிவிக்கப்பட்ட பொதுமுடக்கம் மறுநாளே நடைமுறைக்கு வந்தது. சென்ற இடங்களில் வேலை நின்றது. சென்றவர்கள் ஊர் திரும்பினர். பணம் அனுப்பிய கைகள் வெறுங்கைகளாய் வாசலில் வந்து நின்றன. ஊரிலேனும் தொழில் நடந்ததா? அதுவும் இல்லை. கோவில்பட்டி வட்டாரத்தின் தீப்பெட்டி ஆலைகள் மூடிக்கிடந்தன. சனிக்கிழமைதோறும் எட்டயபுரத்தில் கூடும் ஆட்டுச்சந்தை கூடவில்லை. தறிகள் ஓசையடங்கின. சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவோர்க்கும் வேலையில்லை. கோயில் கொடைகளும் மாதா திருவிழாக்களும் மக்கள் திரளின்றிக் கழிந்தமையால், அவற்றையே நம்பி மிட்டாயும் வளையலும் விற்றுத் திரிந்த குடும்பங்கள் ஓராண்டு வருவாயை ஒருசேர இழந்தன. அந்த ஏப்ரல் மாத இறுதியில்தான் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் உலகறிய உயர்ந்த வேளையில், அதைச் செய்வோரும் விற்போரும் முடக்கத்தில் தவித்தனர்!

அந்நாள்களில் அரசு அரிசி தந்தது. அட்டைக்கு 1,000 ரூபாய் தந்தது. பங்குகளும் சங்கங்களும் மளிகைப் பொருள்களை வழங்கின. பசி தணிந்தது, அதனைக் குறைத்து மதிப்பிடல் தகாது. எனினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு வியாபாரியின் கைமுதல் என்பது உழவன் குதிருக்குள் பத்திரப்படுத்திய விதையைப் போன்றது. மானாவாரி நிலத்தில் விதைக் கம்பையும் விதை உளுந்தையும் உண்டு உயிர் பிழைத்தவன், புரட்டாசியில் மழை பெய்தாலும் விதைப்பது எதை? தேநீர்க் கடைக்காரரும் தையற்காரரும் காய்கறிக் கூடைக்காரியும் முடக்கத்தின்போது உண்டது தங்கள் விதையையே அன்றோ! அவர்கட்கு ஒரு மூட்டை அரிசி ஒரு மாதத்தைக் கடக்க உதவும். தொழிலை மீட்டுத் தராது. நல்ல சமாரியனும் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. பின்வரும் செலவையும் தானே ஏற்றுக்கொண்டான்.

இவ்வுண்மையை உணர்ந்த முயற்சிகளும் நடந்தன. 2020 மே மாதத்தில் தமிழக அரசு, உலக வங்கியின் துணையோடு நடந்த ஊரகப் புத்தாக்கத் திட்டத்தின் வாயிலாக 300 கோடி ரூபாயைச் சிறு தொழில்களுக்கென ஒதுக்கியது. வெளிமாநிலங்களினின்று திரும்பிய, தொழில் கற்ற இளைஞர்க்கு 1 இலட்சம் ரூபாய்வரை கடன் என்பதும் அதில் அடங்கும். பின்னர் இத்திட்டமே ‘வாழ்ந்து காட்டுவோம்’ எனப் பெயர் பெற்றது. நடுவண் அரசும் 2020 ஜூனில், தெரு வியாபாரிகட்கு ஈடு எதுவுமின்றி 10,000 ரூபாய் வழங்கும் ‘ஸ்வநிதி’ திட்டத்தைத் தொடங்கியது. தவணை தவறாதவர்க்கு அடுத்து 20,000, பின்னர் 50,000 என அது வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் முதற்கடன் 15,000 எனவும், இரண்டாவது 25,000 எனவும் உயர்த்தப்பட்டு, 2030 மார்ச் வரை இத்திட்டம் நீட்டிக்கப்பட்டுள்ளது. எட்டயபுரம் போன்ற பேரூராட்சியில் தள்ளுவண்டி வைத்திருப்பவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

அவ்வாண்டுகள் நமக்கு இரு பாடங்களைக் கற்பித்தன. முதலாவது, பதிவேட்டில் பெயரில்லாதவன் உதவிக்கும் இல்லாதவனாகிறான். 2020-இல் அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியங்களில் பதிந்திருந்தவர்க்குத் தனியே 1,000 ரூபாய் கிடைத்தது. பக்கத்திலேயே அதே வேலையைச் செய்தும் பதியாதவர்க்கு அது கிடைக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பெற்ற ‘இ-ஷ்ரம்’ பதிவு 16 முதல் 59 வயதுவரை உள்ள அமைப்புசாரா தொழிலாளர்க்கு உரியது, கட்டணம் இல்லை. நம் குடும்பங்களில் எத்தனை பேர் இதனைச் செய்து முடித்திருக்கிறோம்?

இரண்டாவது, கடன் வாங்குவதைக் காட்டிலும் எங்கே வாங்குகிறோம் என்பது பெரிது. 2021-க்குப்பின் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைச் சில விதிகளோடு தள்ளுபடி செய்தது. கூட்டுறவில் பெற்ற மகளிர் குழுக் கடன்களையும் தள்ளியது. அதே 5 பவுனைத் தனியார் அடகுக் கடையில் வைத்தவர் வட்டியும் கட்டி, முடிவில் நகையையும் இழந்தார். கந்துவட்டிக்கு வாங்கியோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! 2003-ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச்சட்டம் வந்துள்ளது. ஆயினும் அவசரத்தில் கதவைத் தட்டியதும் பணம் தருபவன் அவன் ஒருவனே என்பதால் ஏழை அவனிடமே செல்கிறான். ஆகவே, படித்த இளைஞரே, ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, அயலவரின் விண்ணப்பத்தை நிரப்பித் தாருங்கள். வங்கிக்குச் செல்ல அஞ்சும் விதவைத் தாயோடு நீங்களும் செல்லுங்கள். பணம் இல்லாதவரும் செய்யத்தக்க பெரும் உதவி இது.

இனி, அரசை எதிர்பாராமல் நாமே செய்யவேண்டியதும் உண்டு. சிறு கடைக்காரனை வாழ்விப்பது வாடிக்கை. அவனிடம் கடன் சொல்லி வாங்குகிறோம். நகரத்துப் பெருங்கடையிலோ ரொக்கம் நீட்டுகிறோம். தையற்கூலியையும் பால் கணக்கையும் மாதக்கணக்கில் நிலுவையில் வைப்பவர், தாமறியாமலேயே ஓர் ஏழையின் முதலைத் தம் வீட்டில் முடக்கி வைத்திருக்கிறார். நிலுவையைத் தீர்ப்பது தானமன்று, நீதி. மூலப்பொருள்களின் விலையேற்றத்தைத் தாங்கமாட்டாமல் 2021 டிசம்பரில் தீப்பெட்டியின் விலை 14 ஆண்டுகளுக்குப்பின் 1 ரூபாயினின்று 2 ரூபாயாயிற்று. ‘இரு மடங்கா!’ என்று வியந்தவர் பலர். அத்தொழிலை நம்பி வாழும் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதை நினைத்தவர் சிலரே. லைட்டரைத் தேடாமல் ஒரு தீப்பெட்டி வாங்குவதுங்கூட அயலவர்க்குச் செய்யும் உதவியே.

மற்றொன்றும் சொல்வோம். நம் மைந்தர் மும்பையில் அயலாராய் நின்றதுபோல், வடபுலத்துத் தொழிலாளர் இன்று நம்மிடையே அயலாராய் நிற்கின்றனர். 2020 அக்டோபர் முதல் அவர்கள் நம் ரேஷன் கடைகளிலும் தம் பங்கைப் பெறலாம் என்பது விதி. நம் பிள்ளைகளை வேற்றூரார் எவ்வாறு நடத்த வேண்டுமென விரும்பினோமோ, அவ்வாறே இவர்களை நாம் நடத்துவோமாக.

கொள்ளைநோய் ஓய்ந்தது, ஆட்டுச்சந்தை மீண்டும் கூடுகிறது. ஆனால் அன்று அடகுபோன நகை மீளாத வீடுகளும், அன்று மூடிய கதவைத் திறக்கவியலாத கடைகளும் இன்னும் உள்ளன. அவை எவையென அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இம்மாதம் நம் தெருவில் அத்தகைய ஒரு குடும்பத்தையேனும் கண்டறிந்து, அவர்கள் இழந்த கைமுதல் எது, அதை மீட்க வழி யாது என்று கேட்போமாக.