எண்பதுகளின் பேஸ் ஒலி எந்தக் கடையில் கிடைக்கும்?

எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களை மேடையில் வாசிக்கும் இசைக்குழுக்களுக்கு இப்போது நல்ல காலம். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கி வந்து, தங்கள் பள்ளிக்காலப் பாடல்களைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பாடகர் நன்றாகவே பாடுகிறார். புல்லாங்குழல் பிசகாமல் வருகிறது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது என்ற எண்ணத்துடன்தான் பலர் வீடு திரும்புகிறார்கள். என்ன குறைந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் கணிப்பில், பெரும்பாலும் குறைவது பேஸ் கிற்றாரின் ஒலி.

எங்கள் தெமட்டகொடையில் புகையிரதப் பாதைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில், வார இறுதிகளில் இளைஞர் குழுவொன்று ஒத்திகை பார்க்கிறது. அதில் பேஸ் வாசிக்கும் தம்பி அண்மையில் என்னிடம், "அங்கிள், அந்தக் காலத்துச் சத்தம் வருகுதில்லை. என்ன பெடல் வாங்கலாம்?" என்று கேட்டார். நான் இசைக்கலைஞன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன். கலைப்பக்கத்துக்காகப் பல மேடைகளின் முன்னாலும் பின்னாலும் நின்று கேட்டவன். அந்த அளவு உரிமையோடு சொல்கிறேன்: பெடல் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்த எண்பதுகள் என்று தீர்மானிக்க வேண்டும். 1980 இல் வந்த 'நிழல்கள்', 1982 இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய படங்களின் பாடல்களில் கேட்பது விரலால் மீட்டப்பட்ட தந்தியின் ஒலி. அக்காலத்தில் இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். பாடகரின் மெட்டுக்குக் கீழே தனியொரு மெட்டாக நடந்து செல்லும் வரிகள் அவை. 1983 இல் யமஹா நிறுவனத்தின் டீ.எக்ஸ். 7 கீபோர்ட் சந்தைக்கு வந்தது. 1986 இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தைக் கேட்டால் மின்னணுக் கருவிகளின் ஒலி மேலோங்கி நிற்பது எவருக்கும் புரியும். ஆறே ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம். இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் ஒரே ஒலியோடு வாசித்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். ஆகவே முதல் வேலை, பாடல் பட்டியலை ஆண்டு வாரியாகப் பிரிப்பது. அதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது, அந்தப் பாடல்களை நாம் எதன் வழியாகக் கேட்டோம் என்பது. இசைத்தட்டு வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? இலங்கை வானொலியின் மத்திய அலை. இல்லாவிட்டால் ரெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்வித்த கசெற். கசெற் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் மெதுவாக நகர்வது. ஒருவரிடமிருந்து மற்றவர் பிரதி எடுக்க எடுக்க, மேல்தாயி ஒலிகள் தேய்ந்துகொண்டே போகும். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியை வெறுமனே மீட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். நம் வீட்டு வானொலியின் உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. ஆனால், அதன் மேலாக எழும் 82, 123 என்ற மடங்கு அதிர்வுகளைக் கேட்டு, இல்லாத அடித்தொனியை நம் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. நாம் நாற்பது ஆண்டுகளாக நினைவில் சுமப்பது அந்த நடுத்தரத் தொனிகளைத்தான். இன்றைய மண்டபங்களில் ஒலியமைப்பாளர் அடித்தொனியைக் கூட்டி நெஞ்சு அதிர வைக்கிறார். அதிர்வு வருகிறது, மெட்டு மறைந்துபோகிறது. அடியைச் சற்றுக் குறைத்து நடுவைச் சற்றுக் கூட்டினால், பாதித் தூரம் வந்துவிடலாம்.

மீதிப் பாதி கையில் இருக்கிறது. புதிதாகப் போட்ட தந்தி பளிச்சென்று உலோகச் சத்தம் எழுப்பும். பழகிய தந்தியில் அது மங்கிவிடும். தட்டையான கம்பி சுற்றிய தந்திகள் இன்னும் மென்மையானவை. தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே அவற்றின் அடியில் சிறு ஸ்பொஞ் துண்டொன்றைச் செருகினால், ஸ்வரம் நீளாமல் 'டும்' என்று எழுந்து அடங்கும். அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில், அறுபதுகளின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே மீட்டியவர். தந்திகளை அரிதாகவே மாற்றியவர். அந்த ஒலியை அவருக்கு எந்தப் பெடலும் கொடுக்கவில்லை.

இதைவிட முக்கியமானது, ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது என்ற அறிவு. கொழும்புக் கலைஞர்களிடம் நான் கண்ட ஒரு சிக்கல் இது. நம்மூரில் கிற்றார் பழகும் கை, தமிழரோ சிங்களவரோ பறங்கியரோ, பைலாவில்தான் முதலில் ஊறுகிறது. பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் பேஸ் உருண்டு புரண்டு ஓட வேண்டும். அது அதன் அழகு. அதே கை இளையராஜாவின் பாடலுக்கு வரும்போது இடைவெளிகளையெல்லாம் நிரப்பிவிடுகிறது. அந்தப் பாடல்களில் மௌனமும் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்வரம் எழுதிக் கொடுத்து, குழுவாக அமர்ந்து வாசித்த பதிவுகள் அவை. எழுதப்படாத இடத்தில் வாசிப்பதும் பிழைதான்.

கீபோர்ட் கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இடது கையைச் சற்று ஓய்வெடுக்க விடுங்கள். பேஸ் நடக்கும் அதே பாதையில் நீங்களும் நடந்தால், இருவர் குரலும் குழம்பிச் சேறாகும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் எனக்குள்ள உண்மையான கவலை வேறு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு திருமண வரவேற்புக்கு இசைக்குழுவை ஒழுங்கு செய்பவர், செலவைக் குறைக்க முதலில் நீக்கச் சொல்வது பேஸ் கலைஞரைத்தான். "அதைக் கீபோர்ட்டில் சமாளிக்கலாம்தானே" என்கிறார். இல்லாவிட்டால் முன்கூட்டியே பதிவு செய்த இசையை ஓடவிட்டு, அதற்கு மேலே பாடுகிறார்கள். சபையோருக்கு வித்தியாசம் தெரியாது என்பது இவர்கள் வாதம். தெரியாமலா அத்தனை பேர் 'ஏதோ குறைகிறது' என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்? காரணம் சொல்லத் தெரியாததால் குறை இல்லையென்று ஆகிவிடாது. மேடையில் வாய்ப்பில்லாத கருவியைப் பிள்ளைகள் ஏன் பழகப் போகிறார்கள்? இன்னும் பத்து ஆண்டுகளில் சரியான ஒலியைத் தெரிந்த கை இருக்காது. அப்போது எந்தக் கடையில் எந்தப் பெடலை வாங்கி என்ன பயன்?

நாம் மறந்துபோனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கைக்கு வந்த கசெற்றுகளின் அட்டையில் இசையமைப்பாளர் பெயர் இருந்தது. பாடியவர் பெயரும் இருந்தது. பேஸ் வாசித்தவர் பெயரைத் தேடினாலும் கிடைத்ததில்லை. மோட்டவுன் கலைஞர்களுக்கும் இதே கதிதான். 1971 இல் மார்வின் கே வெளியிட்ட 'வட்ஸ் கோயிங் ஒன்' இசைத்தட்டின் உறையில்தான் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் முறையாக இடம்பெற்றன. பத்திரிகைக்காரனுக்கு இதன் வலி தெரியும். பெயரில்லாமல் வெளிவந்த செய்தியை யார் எழுதினார் என்று மறுநாளே எவரும் கேட்பதில்லை.

ஆகவே, இசைக்குழு நடத்துபவர்களே, பாடகரை அறிமுகம் செய்யும் அதே குரலில் பேஸ் கலைஞரின் பெயரையும் ஒலிவாங்கியில் சொல்லுங்கள். விழா ஒழுங்கு செய்பவர்களே, அந்த ஒருவரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். உலகின் எந்த மூலையில் இருந்தாலும், உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பேஸ் வாசித்தவர்களின் பெயர் நினைவிருந்தால், இன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழைய நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

எங்கள் தெமட்டகொடைத் தம்பிக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. பெடலுக்கு வைத்த காசில் அந்தக் காலத்தில் வாசித்த ஒருவரைத் தேடிப்பிடித்து, ஆறு மாதம் அவரிடம் போய் உட்காருங்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.