மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்கணும்

நிலம் வாங்குகிறவர் 30 வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் கேட்டு வாங்குகிறார். குத்தகைக்கு எடுப்பவர்கூட கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் "இந்த மண்ணில் வாழை வாடியிருக்கிறதா?" என்று கேட்பவர் நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் ரொம்பக் குறைவு. கேட்டாலும் பதில் வராது.

நான் சொல்வது பனாமா வாடல் நோயை. இதற்குக் காரணம் பியூசேரியம் என்ற மண் பூஞ்சை. வேர் வழியாகக் கிழங்குக்குள் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டினது மாதிரி தொங்கும். தண்டின் அடிப்பகுதி வெடிக்கும். சந்தேகம் இருந்தால் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்க. செம்பழுப்பு நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தால் வாடல்தான். கூழாக அழுகி நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல், வேறு நோய்.

மரத்தைத் தோண்டிப் போட்டாலும் பூஞ்சை போகாது. தடித்த ஓடு போட்ட வித்துகளாக மாறி மண்ணிலேயே கிடக்கும். வாழையே இல்லாமல் 20, 30 வருசம்கூடக் காத்திருக்கும். நாம் வில்லங்கம் பார்க்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். மண்ணில் எதை ஊற்றினாலும் அதை முழுசாக ஒழிக்க முடியாது, ரசாயனமானாலும் சரி, நம்ம கரைசலானாலும் சரி.

"ஜி-9க்கு வாடல் வராது சார்" என்று திசு வாழைக் கன்று விற்கிறவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். மத்திய அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தைக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நட்டார்கள். பியூசேரியத்தின் ரேஸ் 1 என்ற வகை அதைத் துடைத்துப் போட்டது. 1950-களில் அதற்குப் பதிலாக வந்தது கேவண்டிஷ். ரேஸ் 1 அதைத் தொடாது என்ற நம்பிக்கையில்தான் உலகமே மாறியது. நம்ம ஜி-9 அந்தக் கேவண்டிஷ் குடும்பம். ஆனால் ரேஸ் 1 கேவண்டிஷையும் தாக்குகிறது என்று திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2010-ல் அறிவித்தார்கள். அது தெரிய வந்தது நம்ம தேனி மாவட்டத்துத் தோட்டங்களில்தான். ரஸ்தாளிக்கும் கற்பூரவல்லிக்கும் வரும் நோய் என்று ஒதுக்கி வைத்தது, ஏற்றுமதி வாழைக்கே வந்துவிட்டது.

இதைவிடக் கொடியது டிஆர்4 என்ற இன்னொரு வகை. தைவானில் தலைகாட்டி, 2015-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, 2019-ல் கொலம்பியா என்று பரவியிருக்கிறது. இந்தியாவில் பீகார், உத்தரப்பிரதேசத்தில் உறுதியாகிவிட்டது. டயரில் ஒட்டிய மண் போதும் அதற்கு. பழைய ரேஸ் 1-ன் வாரிசு அல்ல டிஆர்4, தனி வழியில் கூடுதல் மரபணுக்களைச் சேர்த்துக்கொண்டு வந்தது என்று 2024-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்திரேலியா, காட்டு வாழையின் மரபணு ஒன்றைச் சேர்த்த கேவண்டிஷுக்கு அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றத்தில் இந்த இதழின் நிலை வாசகர்களுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே ரகம், ஒரே பூட்டு. பூஞ்சையோ புதுப்புதுச் சாவி செய்துகொண்டே இருக்கிறது. தேனியில் நடந்ததும் அதுதானே?

சரி, நம்ம பக்கம் வருவோம். நமக்குப் பிடித்த பதில் டிரைக்கோடெர்மா. அது நல்ல பூஞ்சைதான். கெட்ட பூஞ்சையைச் சுற்றிக்கொண்டு அதன் சுவரைக் கரைக்கும், வேரோரத்தில் அதற்கு இடம் விடாது. திருச்சி மையம் உள்ளூர் டிரைக்கோடெர்மா வகைகளைச் சேர்த்துக் கொடுத்து ஜி-9-ல் நல்ல பலன் கண்டிருக்கிறது. வடக்கே டிஆர்4-க்கு எதிராக, லக்னோவில் உள்ள மத்திய தோட்டக்கலை நிறுவனம் 'பியூசிகான்ட்' என்று ஒரு டிரைக்கோடெர்மா தயாரிப்பையே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் இது முன்கூட்டிக் கொடுக்க வேண்டிய காவல். நாற்றுப் பருவத்திலேயே தொடங்கி, நடவிலும் அதற்குப் பிறகும் தொழுவுரத்தில் பெருக்கித் திரும்பத் திரும்பக் கொடுக்கணும். நம்ம ஆளுங்க செய்வது என்ன? பாவாடை தொங்கினதுக்கு அப்புறம் கடைக்கு ஓடுகிறோம். கிரயம் முடிந்த பிறகு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற கதைதான். பாக்கெட்டில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிர்த்துகள் இருக்கணும் என்பது விதி. வெயிலில் அடுக்கி வைத்த பாக்கெட்டில் எத்தனை மிஞ்சியிருக்கும்? தேதி பார்த்து வாங்குங்க.

இயற்கை விவசாயிகளுக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. மூடாக்குக்கு என்று பக்கத்துத் தோட்டத்து வாழை மட்டையும் தண்டும் வண்டி வண்டியாகக் கொண்டுவருகிறோம். அந்தத் தோட்டம் வாடிய தோட்டமா என்று கேட்கிறோமா? ஜீவாமிர்தத்துக்கு எடுக்கும் ஒரு பிடி மண் எந்த வரப்பு மண்? ரசாயன விவசாயி கடைச்சரக்கோடு நின்றுவிடுகிறார். ஊர்ப்பொருளைச் சுழற்றுகிற நாம்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். வாடிய மரத்தை வாய்க்காலில் தள்ளுவதையும் நிறுத்தணும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கூடலூரில் தொடங்கிச் சின்னமனூர் தாண்டியும் போகிறது, கீழே இருப்பவர் தோட்டத்துக்கும் அதே தண்ணீர்தான். தோண்டிய குழியில் ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்க. அந்த மரத்துப் பக்கக்கன்றை யாருக்கும் கொடுக்காதீங்க. மம்பட்டியைக் கழுவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்க.

நம்ம பள்ளத்தாக்குக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். தண்ணீர் கட்டி நின்ற மண்ணில் காற்று இல்லாமல் இந்தப் பூஞ்சை தளர்ந்துபோகும். தைவானில் வாழைக்கு நடுவே நெல் போட்டு வாடலைக் குறைத்திருக்கிறார்கள். தண்ணீர் வசதியுள்ள வயலில் வாழைக்குப் பின் வாழை என்று போகாமல் நெல்லுக்குத் திரும்பலாம்.

ஏன் மறைக்கிறார்கள் என்பது வங்கியில் இருந்த எனக்குப் புரிகிறது. வாடல் என்று தெரிந்தால் குத்தகை இறங்கும், வியாபாரி தாருக்கு விலையைக் குறைப்பார், கடன் கொடுப்பவர் யோசிப்பார். இயற்கைப் பேரிடரில் கடனைத் தள்ளிவைக்கும் ரிசர்வ் வங்கி விதியில் பூச்சித் தாக்குதலும் உண்டு. ஆனால் அரசு அறிவிக்கணும், பயிர் இழப்பு 33 சதவீதமாவது இருக்கணும். ஒருவர் தோட்டத்தில் 40 மரம் வாடினால் அந்த விதி எட்டிப் பார்க்காது. ஆக, உண்மை சொல்பவனுக்கு நட்டம், மறைப்பவனுக்கு லாபம். இப்படி ஒரு கணக்கு இருக்கிற வரைக்கும் எந்த ஆராய்ச்சி நிலையம் எவ்வளவு சொன்னாலும் நோய் டிராக்டர் ஏறிப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வாடலைத் தானாகச் சொல்கிறவருக்கு மாற்றுப் பயிருக்கு மாறும் வரை தவணையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நம் இயக்கம் கேட்கணும். கிழங்கு மாதிரியைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் இலவசமாகச் சோதித்துத் தர வேண்டும் என்றும் கேட்கணும். அது வருகிறபோது வரட்டும். இப்போதே நம் கையில் இருப்பது குத்தகைப் பத்திரம். அதில் ஒரு வரி சேர்க்க யாரிடமும் அனுமதி வேண்டாம்: "இந்த நிலத்தில் கடைசியாக வாழை இருந்த வருடம், ரகம், வாடிய மரங்கள், எந்த மூலையில்." நிலத்துக்காரர் ஒப்பமிடட்டும். குத்தகை முடிந்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது குத்தகைதாரரும் அதே வரியை எழுதி ஒப்பமிடட்டும்.