சிறுநீரக நோயாளிக்குப் பால் ஆகுமா?

கணக்குத் தணிக்கைக்காகப் பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் சென்றிருந்தபொழுது, சிறுநீரகம் தளர்ந்த நெசவாளர் ஒருவர் இல்லத்தில் பால் அடியோடு நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டோம். அதே திங்களில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஊழியர் ஒருவரைப் பார்க்க நேர்ந்தது. அவருக்கும் அதே நோய். வீட்டாரோ உடல் தேறட்டுமென்று பால்மாவும் பாலாடைக்கட்டியும் தாராளமாக ஊட்டி வந்தனர். இரண்டும் அன்பின் விளைவே. எனினும் இரண்டும் பிழை என்பது நம் கருத்து.

தளர்ந்த சிறுநீரகம் பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் வேண்டுமளவு வெளியேற்ற மாட்டாது. மிஞ்சிய பாஸ்பரஸ் எலும்பை நலிவிக்கும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். 200 மி.லி. பசும்பாலில் ஏறக்குறைய 190 மில்லிகிராம் பாஸ்பரசும் 300 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன. நாளொன்றுக்கு 800 முதல் 1000 மில்லிகிராம் பாஸ்பரசுக்குள் நிற்க வேண்டியவருக்கு ஒரு டம்ளர் பால் விலக்கன்று. ஆனால் தறியருகே அருந்தும் நான்கைந்து தேநீரிலுள்ள பாலும் அக்கணக்கில் சேரும். அதனை யாரும் சேர்ப்பதில்லை!

கொழுப்புக் குறைந்த பாலே நல்லதென்று சிலர் எண்ணுகின்றனர். சங்கத்தில் பால் ஊற்றும் உறுப்பினர்கள் இதனை எளிதில் உணர்வர். பாஸ்பரஸ் இருப்பது கொழுப்பிலன்று, நாம் எஸ்.என்.எப். என்று அளக்கும் கொழுப்பற்ற திடப்பொருளில். நிலைப்படுத்திய பாலில் கொழுப்பு 4.5 விழுக்காடு, திடப்பொருள் 8.5. இருமுறை சமன்படுத்திய பாலில் கொழுப்பு 1.5 தான், திடப்பொருளோ 9. எனவே கொழுப்பை எடுத்ததனால் பாஸ்பரஸ் குறைந்துவிடவில்லை.

வெண்ணெயிலும் நெய்யிலும் அது மிகச் சொற்பம்; ஆயினும் அவை கொழுப்பு என்பதை மறத்தலாகாது. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர் விட்ட மோர் நன்று. நீருக்கே அளவு விதிக்கப்பட்டவருக்கு அம்மோரும் நீர்க்கணக்கில் அடங்கும். உப்புக்கு மாற்றாக விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பெரும்பாலும் பொட்டாசியம் கலந்தது. அதை மோரிலிடுவது ஆபத்து. பதப்படுத்திய பாலாடைக்கட்டியை நாம் முற்றும் விலக்கச் சொல்வோம். அதில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளை உடல் ஏறத்தாழ முழுமையும் ஈர்த்துக்கொள்ளும். உறையில் 339, 452 என்னும் எண்கள் இருப்பின் அவ்வுப்புகளே அவை.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதத் தேவை கூடுதல்; செய்யாதவருக்குக் குறைவு. ஆகையால் ஒருவருக்கு வகுத்த அளவை மற்றவர் பின்பற்றலாகாது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

நமக்கு ஒரு குறையுண்டு. பாற்பொருள் உறைகளில் புரதமும் கொழுப்பும் சோடியமும் அச்சாகின்றன. பாஸ்பரஸ், பொட்டாசிய அளவுகளை அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் வரட்டுமென்று கூட்டுறவு காத்திருப்பானேன்? காக்களூர் ஆவின் பால்பண்ணை கூட்டுறவின் உடைமை. பாலை ஊற்றுபவரும் நாமே, வாங்கிப் பருகுபவரும் நாமே. அவ்விரு எண்களையும் உறையில் அச்சிடக் கோரும் தீர்மானத்தை, பால் உற்பத்தியாளர் சங்கங்கள் அடுத்த பொதுப்பேரவையிலேயே கொண்டுவரலாம்.